பாடும் பத்திரமும்

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் இறந்தால் குடும்பத்துக்கு மிஞ்சுவது பெரும்பாலும் இவைதான்: ஒரு வீடு, அது நிற்கும் மனை, ஒரு ஃபைபர் படகு, மோட்டார், வலைகள், அடகில் இருக்கும் நகை, வங்கியில் கொஞ்சம் பணம், வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் என்கிற கடன். கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் இன்னொன்றும் உண்டு. அது பாடு. முகத்துவாரத்தை ஒட்டிய நீரில் யார், எந்த முறையில், எந்த இடத்தில் சுத்துவலை கட்டி இறால் பிடிப்பது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும் ஏற்பாடு அது. தலைக்கட்டுக்கு உரியது, அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருவது.

இந்தச் சொத்தைப் பிரிக்கவும் காக்கவும் வக்கீல் வேண்டுமா? வேண்டுமென்றால் எப்படிப்பட்டவர்? வசதியுள்ள குடும்பங்கள் வாரிசு வழக்கு, வரி, அறக்கட்டளை மூன்றும் தெரிந்த ஒரே வக்கீலைத் தேடிப் போகின்றன. அந்த மூன்று திறமையில் ஏரிக்கரைக்கு எது உதவும், எது உதவாது என்பதே என் கேள்வி. ஆராய்ந்து பார்த்ததில் தனிக் குடும்பத்துக்கு அதில் ஒரு பகுதிதான் தேவைப்படுகிறது. மூன்றும் சேர்ந்து தேவைப்படுவது ஊருக்கு.

வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், சீக்கிரம் முடிந்துவிடும். இறந்தவர் சொத்தின் மேல் இந்தியாவில் வரி கிடையாது. 1953-இல் வந்த எஸ்டேட் வரி 1985 மார்ச்சில் நீக்கப்பட்டது. வாரிசாக வந்த பணமும் நிலமும் வருமானமாகக் கணக்கில் சேராது. இறந்தவர் கட்டவேண்டிய வரி பாக்கி இருந்தால், அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு மட்டுமே வாரிசு பொறுப்பு. நிலத்தை விற்கும்போதுதான் மூலதன ஆதாய வரி வரும். அப்போதும் வாங்கிய விலையாகக் கொள்வது இறந்தவர் கொடுத்த விலையை. அவர் 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கியதானால் அந்தத் தேதியின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தின்படி இழப்பீடு வந்தால் அதற்கு வருமான வரி இல்லை என்பதை மத்திய நேரடி வரிகள் வாரியம் 2016-இல் சுற்றறிக்கையாகவே தெளிவுபடுத்தியிருக்கிறது. துறைமுகம் உள்ள காட்டுப்பள்ளிப் பக்கம் நிலம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இதைச் சொல்ல ஓர் ஆடிட்டரின் அரைமணி நேரம் போதும். வரி நிபுணர் என்ற பெயரில் ஒரு மீனவக் குடும்பத்திடம் பெரிய கட்டணம் கேட்பதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

குடும்ப அறக்கட்டளையும் அப்படித்தான். ஒரு வீட்டையும் ஒரு படகையும் வைத்துக்கொண்டு அறக்கட்டளைப் பத்திரம் எழுதுவது வீண்செலவு. மனவளர்ச்சி குன்றிய பிள்ளை இருக்கும் பெற்றோருக்கு மட்டும் அந்தக் கவலை உண்மையானது. அவர்களுக்கும் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு சட்டப்படியான காப்பாளரை நியமிக்கும்.

வழக்கு என்று வரும்போது நிலைமை வேறு. இங்கே வக்கீலின் அறிவு உண்மையில் வேண்டியிருக்கிறது. காரணம், இந்த ஒரே ஏரிக்கரையில் மூன்று வாரிசுச் சட்டங்கள் நடக்கின்றன. இறந்தவருக்கு மனைவி, தாய், ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள், உயில் இல்லை, அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தின் மதிப்பு 7,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்துக் குடும்பமானால் 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி நால்வருக்கும் தலைக்கு 1,80,000. கிறித்தவக் குடும்பமானால் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆக மூவருக்கும் 2,40,000, தாய்க்கு ஒன்றுமில்லை. முஸ்லிம் குடும்பமானால் மனைவிக்கு எட்டில் ஒன்று, 90,000. தாய்க்கு ஆறில் ஒன்று, 1,20,000. மீதியில் மகனுக்கு 3,40,000, மகளுக்கு 1,70,000. அடுத்தடுத்த தெருவில் இருக்கும் மூன்று விதவைகளுக்கு மூன்று கணக்கு. முதல் சந்திப்பில் மதம் என்ன, தாய் உயிரோடு இருக்கிறாரா, இதற்கு முன் கல்யாணம் உண்டா என்று கேட்காமல் உடனே மனு எழுத உட்காரும் வக்கீலை நம்ப வேண்டாம். இந்துக் குடும்பங்களில் மறக்கப்படும் வாரிசு பெரும்பாலும் தாய்தான். அவர் பேரை விட்டுவிட்டு எழுதிய பாகப்பிரிவினை பின்னால் ஆட்டம் காணும்.

அடுத்து ஆவணம். பொன்னேரியில் தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்று வேறு, நீதிமன்றம் கொடுக்கும் வாரிசுரிமைச் சான்று வேறு. முதலாவது யார் யார் வாரிசு என்று காட்டும், சொத்துரிமையைத் தீர்மானிக்காது. இரண்டாவது, இறந்தவருக்கு வரவேண்டிய கடன், வங்கிப் பணம், பத்திரங்கள் போன்றவற்றை வசூலிக்க மட்டும். மனைக்கும் வீட்டுக்கும் அது பொருந்தாது. முதலாவதே போதுமான இடத்தில் இரண்டாவதற்கு மனுப் போட வைப்பது குடும்பத்தின் பணத்தையும் மாதங்களையும் தின்னும். நல்ல வக்கீலை அவர் போடும் வழக்கைக் கொண்டும் அளக்கலாம், வேண்டாம் என்று தடுக்கும் வழக்கைக் கொண்டும் அளக்கலாம். இந்தக் கரையில் எனக்கு இரண்டாவதே முக்கியமாகப் படுகிறது.

நாமினி பற்றிய குழப்பமும் இங்கே சேர்ந்துகொள்கிறது. வங்கியிலோ காப்பீட்டிலோ பேர் எழுதப்பட்டவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே, உரிமை வாரிசுகளுடையது. காப்பீட்டைப் பற்றி உச்சநீதிமன்றம் 1983-இல் சர்பதி தேவி வழக்கில் இதைச் சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தம் மனைவி, பிள்ளை, பெற்றோர் நாமினியாக இருந்தால் அவர்களுக்கே உரிமை என்று மாற்றியது. கடலில் இறந்த மீனவருக்கு மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் 5 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. ஒரு வீடு இதுவரை ஒரே சமயத்தில் பார்த்திராத தொகை அது. அதன்மேல் அண்ணன் தம்பிக்குள் வரும் சண்டையும், கடன்காரர்கள் வாசலில் வந்து நிற்பதும் வியப்பல்ல.

கடன் விஷயத்தில் வக்கீல் ஒரே ஒரு வாக்கியத்தால் குடும்பத்தைக் காப்பாற்ற முடியும். தந்தையின் கடனுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்தளவுக்கே பிள்ளை பொறுப்பு. பழைய இந்துச் சட்டத்தில் மகன்மேல் தருமக் கடமை என்று ஒன்று இருந்தது. 2005 திருத்தத்துக்குப் பிறகு வாங்கிய கடன்களுக்கு அதைக் காட்டி மகனைப் பிடிக்க முடியாது. முன்பணம் கொடுத்த வியாபாரி, அப்பா வாங்கிய பணத்துக்கு மகன் இத்தனை வருஷம் மீனை என்னிடமே போடவேண்டும் என்று சொன்னால், அது வழக்கமாக இருக்கலாம், சட்டமாக இல்லை. இதை ஊரில் யாராவது உரக்கச் சொல்லவேண்டும். உள்ளூரில் அந்த வியாபாரியோடு வாழவேண்டியவர்கள் சொல்லத் தயங்குவார்கள். வெளியிலிருந்து வரும் வக்கீல் சொல்லலாம்.

பெண்கள் பங்குதான் இதில் மிகக் கனமான விஷயம். தமிழ்நாடு 1989-இலேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு கொடுத்தது. 2005-இல் நாடு முழுதும் அது வந்தது. 2020-இல் வினீதா சர்மா தீர்ப்பு, 2005-இல் அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்று பார்க்கவேண்டியதில்லை, பிறப்பாலேயே மகள் பங்காளி என்று முடித்துவைத்தது. சுனாமிக்குப் பின் கட்டித்தந்த வீடுகள் கணவன் மனைவி இருவர் பேரிலும் இருக்கவேண்டும் என்று தமிழக அரசு 2005-இல் முடிவெடுத்தது. அந்த வீட்டில் கணவனின் பாதிதான் பாகத்துக்கு வரும், மறுபாதி ஏற்கெனவே மனைவியுடையது. இத்தனையும் இருந்தும், கல்யாணத்துக்குச் சீர் செய்தாயிற்றே என்ற ஒரே வாதத்தில் தங்கைகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது இங்கும் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களிலும் சாதாரணமாக நடக்கிறது. அண்ணன்மார் அழைத்து வரும் வக்கீலே பத்திரத்தை எழுதி, தங்கையிடம் படித்தும் காட்டி, கையெழுத்தும் வாங்குகிறார். இது தவறு என்றே சொல்வேன். ஒருவருக்காகக் கட்டணம் வாங்கியவர் அவருக்கு எதிரான நலன் உள்ளவருக்கு ஆலோசகராக இருக்க முடியாது. அந்தப் பெண்ணுக்குத் தனி வக்கீல் வேண்டும், அதற்குக் காசும் வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் எல்லாப் பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வக்கீலைத் தருகிறது. வட்ட அளவிலேயே அதற்குக் குழு இருக்கிறது. பேசித் தீர்ந்தால் மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்ப வரும்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அதில் நியாயமும் உண்டு. இலவச வக்கீலுக்கு அரசு தரும் தொகை குறைவு, அவர் மனசு வைத்து வாதாடுவாரா என்ற கேள்வி. எல்லாரும் ஒரே மாதிரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் பாகப்பிரிவினை வழக்கில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தில் பேசும் பேச்சைவிட வழக்குரையில் உள்ள விவரங்கள். உதாரணமாக, சொத்தைக் கூட்டாக அனுபவித்து வருகிறேன் என்று சொல்லிப் பங்கு கேட்டால் நீதிமன்றக் கட்டணம் சிறு தொகை. என்னை வெளியேற்றிவிட்டார்கள் என்று எழுதினால் பங்கின் மதிப்பில் சதவீதம் கட்டவேண்டும். எது உண்மையோ அதைத்தான் எழுதவேண்டும். ஆனால் திருமணமாகிப் போன மகள் சட்டத்தின் பார்வையில் இன்னும் கூட்டு அனுபவத்தில் இருப்பவளாகவே கருதப்படலாம் என்பதை அவளுக்கு யாரும் சொல்வதில்லை. கேட்டுக் குறித்துக்கொள்ளும் பொறுமையுள்ள இளம் வக்கீல், இலவசமாக வந்தாலும், போதும்.

ஊர்ப் பஞ்சாயத்து இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஊர் ஒரே நாளில் முடிக்கும், செலவில்லை, தீர்ப்பை மறுநாளே நடைமுறைப்படுத்தும். படகு, வலை, மோட்டார் பிரிப்பதற்கு நான் ஊரையே சொல்வேன். பழைய மோட்டாரின் மதிப்பு நீதிபதியைவிடக் கரையில் நிற்பவருக்குத் தெரியும். மனைக்கும் காப்பீட்டுப் பணத்துக்கும் ஊர் சரிவராது. அங்கே பேசுபவர்கள் ஆண்கள். பட்டா மாற்றமும் பதிவும் இல்லாத தீர்ப்பு, அடுத்த தலைமுறையில் சாட்சி இல்லாத பேச்சாகிவிடும்.

வக்கீலை எப்படித் தேர்ந்தெடுப்பது? பலகையைப் பார்த்து முடியாது. தனித் துறை நிபுணர் என்று பெயர்ப்பலகையில் எழுதவோ விளம்பரம் செய்யவோ இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதி இடம் தரவில்லை. இணையத்தில் வக்கீல் சேவையை விளம்பரப்படுத்தும் தளங்கள்மேல் 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றமும் கண்டிப்பான உத்தரவு போட்டது. ஆக, வாரிசு, வரி, அறக்கட்டளை நிபுணர் என்று தன்னைத்தானே விற்பவரைப் பார்த்தால் அதுவே எச்சரிக்கை. கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவதும் விதிப்படி கூடாது. காப்பீட்டுப் பணத்தில் பங்கு கேட்பவரிடம் விதவைகள் அதைச் சொல்லித் திரும்பிவிடலாம். கட்டணம் பாக்கி என்று சொல்லி மூலப்பத்திரத்தைப் பிடித்துவைக்கும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று 2000-இல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே உச்சநீதிமன்றம் 2024 மே மாதம் வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்றும் தீர்ப்பளித்தது. குறை என்றால் மாநில வழக்கறிஞர் மன்றத்தில்தான் முறையிட முடியும். அது கடினமான பாதை. அதனால் ஆரம்பத்திலேயே எழுத்தில் பேசிக்கொள்வதுதான் எளிய மக்களுக்கு இருக்கும் ஒரே காப்பு.

இவ்வளவும் குடும்பத்துக்கு. இப்போது பாடு.

பாட்டை எந்த வாரிசுச் சட்டமும் தொடுவதில்லை. எந்த நீதிமன்றத்திலும் போய் என் அப்பாவின் பாட்டில் எனக்கு நாலில் ஒரு பங்கு பிரித்துக் கொடுங்கள் என்று மகள் கேட்க முடியாது. அது பத்திரத்தில் இல்லை, பட்டாவில் இல்லை. ஊரின் ஒப்புதலில் இருக்கிறது. அதனாலேயே அது இத்தனை காலம் நிலைத்தது என்றும் சொல்லலாம். சீட்டு முறை ஒருவனையே நல்ல இடத்தில் நிலைக்கவிடாது, வலைகளின் எண்ணிக்கையை அடக்கும். ஆய்வாளர்கள் இதைச் சிறந்த பொது மேலாண்மை என்று பாராட்டி எழுதியிருக்கிறார்கள். அந்தப் பாராட்டில் பாதியை நான் ஏற்கிறேன்.

எழுதப்படாத மீன்பிடி உரிமைக்கு நீதிமன்றத்தில் என்ன ஆகும் என்று பார்க்க இதே கிழக்குக் கரையில் சிலிகா ஏரிக்குப் போகவேண்டும். அங்கே பாரிக்குட் ராஜாவிடம் பணம் கட்டி, ஏரியின் சில பகுதிகளில் வரும் ஆண்டுகளுக்கு மீன்பிடிக்கும் உரிமையைச் சிலர் வாய்மொழியாக வாங்கியிருந்தார்கள். ஜமீன் ஒழிப்புச் சட்டத்தில் எஸ்டேட் ஒரிசா அரசிடம் போனது. அரசு அந்த உரிமையை ஏற்கவில்லை. 1955 அக்டோபரில் ஆனந்த பெஹேரா வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது இது: ஏரியின் குறிப்பிட்ட பகுதியில் மீனைப் பிடித்து எடுத்துச்செல்லும் உரிமை அசையாச் சொத்தைச் சேர்ந்தது, 100 ரூபாய்க்கு மேற்பட்ட அப்படிப்பட்ட உரிமையை எழுத்தும் பதிவும் இல்லாமல் மாற்ற முடியாது, ஆகவே மனுதாரர்களுக்கு உரிமை இல்லை. நிலத்தைப் போன்ற உயர்ந்த மதிப்பையும் கொடுத்து, பத்திரம் இல்லை என்று வெறுங்கையாகவும் அனுப்பிய தீர்ப்பு.

பழவேற்காடு அதே நிலையில் இல்லை என்று ஒருவர் வாதிடலாம். சிலிகாவில் நடந்தது விற்பனை, இங்கே இருப்பது தொன்றுதொட்ட வழக்கம். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் வழக்கத்தால் வரும் உரிமையை ஏற்கிறது. சரிதான். ஆனால் வழக்கம் என்று நிரூபிக்க அது பழையது, தொடர்ச்சியானது, தெளிவானது, நியாயமானது என்று காட்டவேண்டும். காட்ட வேண்டியது யார்? ஊர். ஊர் சட்டத்தின் கண்ணில் ஆளே இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி நீதிமன்ற அனுமதியோடு சிலர் எல்லாருக்காகவும் வழக்குத் தொடுக்கலாம், அல்லது பதிவு பெற்ற அமைப்பு வேண்டும். எதைக் கொண்டு காட்டுவது? சீட்டுப் போட்ட நோட்டுகள், ஊர்த் தீர்மானங்கள், மீன்வளத் துறையின் பழைய கடிதங்கள், முதியவர்களின் வாக்குமூலம். இவற்றைச் சேர்த்து வைப்பதுதான் சொத்து வழக்கில் ஊறிய வக்கீலின் வேலை. தாமதமாக ஆக, வாக்குமூலம் கொடுக்கக்கூடியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. ஏரியின் தமிழகப் பகுதியில் 153.67 சதுர கிலோமீட்டர் 1980-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டால், உரிமை உள்ளவர்கள் 2 மாதத்துக்குள் எழுத்து மூலம் கோரவேண்டும். ஆட்சியர் விசாரித்து ஏற்கலாம், மறுக்கலாம், தொடர்ந்து அனுபவிக்க அனுமதிக்கலாம். எழுத்தில் எதுவும் இல்லாத ஊர் 2 மாதத்தில் எதைக் கொண்டுபோய்க் கொடுக்கும்? நீதிமன்றம் ஏரிக்கு எதிரி அல்ல என்பதற்கும் சான்று உண்டு. 1996 டிசம்பர் 11 அன்று ஜெகந்நாதன் தொடுத்த இறால் பண்ணை வழக்கில், சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் வணிக இறால் பண்ணை கூடாது என்று உச்சநீதிமன்றம் பெயர் சொல்லியே தடுத்தது. கடற்கரை மக்கள் பலருக்குமான வழக்கு அது.

மூன்று திறமையும் ஒருங்கே வேண்டியிருப்பது ஊர்ப் பணத்தில். கோயில், மாதா திருவிழா, ஊர்ச் செலவு, வெளியிலிருந்து வரும் இழப்பீடு, நன்கொடை எதுவானாலும் ஊருக்கென்று அமைப்பு இல்லையென்றால் ஒருவர் அல்லது இருவர் பேரில்தான் வங்கியில் போடமுடியும். அவர் இறந்தால் வங்கிக்கு அது அவர் பணம். வாரிசுகள் கேட்கலாம். வட்டி அவர் கணக்கில் வருமானம். எங்கிருந்து வந்தது என்று விளக்கமுடியாத பணம் என்று வரித்துறை கருதினால் வரி கடுமையாக இருக்கும்; 2016 திருத்தம் அதற்கு 60 சதவீத விகிதமும் அதன்மேல் கூடுதல் வரிகளும் வைத்தது. நம்பிக்கைக்குரிய மனிதர் என்பது உயிரோடு இருக்கும்வரைதான் ஊருக்குப் பாதுகாப்பு. ஓர் அறக்கட்டளைப் பத்திரமோ 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்த சங்கமோ, தனிக் கணக்கு எண்ணும், ஆண்டுக் கணக்கும் இருந்தால் இந்த மூன்று ஆபத்தும் நீங்கும். வாரிசு, வரி, அறக்கட்டளை தெரிந்த அந்த விலையுயர்ந்த வக்கீலை ஏரிக்கரைக்கு அழைத்து வரவேண்டிய இடம் இதுதான். ஊர் கூடிச் செலவைப் பகிர்ந்தால் ஒரு தலைக்கட்டுக்கு வருவது சுமக்க முடியாத தொகையாக இருக்காது.

இதற்கு எதிராக எழும் ஒரு தடை என்னைத் தயங்க வைத்தது. எழுதினால் பாட்டின் மறுபக்கமும் எழுத்தில் வந்துவிடும். பட்டினவர் சமூகத்தின் ஆண்வழித் தலைக்கட்டுகளுக்கு மட்டும் என்ற விதியால் தலித் மீனவர்களும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும், மகள்களும் பாட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். இதைச் சொல்லியே அந்த வழக்கம் நியாயமானதல்ல என்று எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் அடிக்கும், அடிப்பதற்குக் காரணமும் இருக்கும். அப்படியானால் எழுதாமலே விடுவது நல்லதா? ஊர்ப் பெரியவர்கள் சிலருக்கு அப்படித் தோன்றலாம். ஆனால் எழுதாமல் விட்டால் நாளை துறைமுகமோ சரணாலயமோ வரும்போது பாடு இருப்பவரும் இல்லாதவரும் சேர்ந்தே இழப்பார்கள்.

ஆகவே என் தீர்ப்பு: ஊர் வக்கீலை அமர்த்தட்டும்; ஆனால் விதியைத் திருத்திவிட்டுப் பத்திரம் எழுதட்டும். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் விதவைக்கும் மகளுக்கும் சீட்டில் இடம், பாடு இல்லாத மீனவர்களின் நீருக்கும் முறைக்கும் அதே பத்திரத்தில் பாதுகாப்பு, இருளர் கைப்பிடிக்குத் தடையில்லாத கரை. அமர்த்தும் கடிதத்தில் வக்கீலின் கட்சிக்காரர் யார் என்று வெளிப்படையாக இருக்கவேண்டும்: மூன்று ஊர் நிர்வாகமா, எல்லா மீனவர்களுமா? கட்டணம் கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன வேலை என்ற குறிப்போடு, தமிழில். மூலக் காகிதங்கள் ஊரிடமே, வக்கீலிடம் நகல் மட்டும். கையெழுத்துப் போடுபவர்களில் பெண்கள் இருக்கவேண்டும், பாட்டுக்கு வெளியே நிற்பவர்களும் இருக்கவேண்டும். அவர்கள் கையெழுத்து இல்லாத கடிதத்தோடு வரும் வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவருக்குக் கொடுக்கும் முன்பணத்தை நான் எதிர்ப்பேன்.